லிஸ்ப் புரோகிராமிங்ல இன்டர்ன்ஷிப் வந்திருக்கு, துவாக்குடி பக்கம், போலாமா?

பாபநாசம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சிஎஸ்இ மூணாவது வருஷம் படிக்கிறேன், ஊர் பாபநாசம். லீவுல இன்டர்ன்ஷிப் முடிச்சு லெட்டர் கொடுத்தாதான் கிரெடிட்னு டிபார்ட்மென்ட்ல சொல்லிட்டாங்க. இப்ப கையில ரெண்டு இருக்கு. ஒண்ணு தஞ்சாவூர் டவுன்ல ஒரு டிரெய்னிங் சென்டர், ஃபுல் ஸ்டாக்னு சொல்றாங்க, ஆனா காசு நாமதான் கட்டணும், முடிஞ்சதும் சர்டிபிகேட் கையில வந்துரும், எங்க கிளாஸ்ல பாதிப்பேர் அங்கதான் சேந்திருக்கானுங்க.

இன்னொண்ணு திருச்சி பக்கம் துவாக்குடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனி. பாய்லர் சப்போர்ட் ஸ்ட்ரக்சர், டக்ட் இதுக்கெல்லாம் ஃபேப்ரிகேஷன் டிராயிங் போட்டுத் தர்றவங்க. அவங்ககிட்ட ஆட்டோகேட்ங்கிற டிராயிங் சாஃப்ட்வேருக்குள்ள ஓடுற புரோகிராம் ஏகப்பட்டது இருக்கு, எல்லாமே லிஸ்ப். டிராயிங்க பாத்து மெட்டீரியல் லிஸ்ட் எடுக்குறது, வெயிட் போடுறது, டைட்டில் பிளாக் நிரப்புறது இந்த மாதிரி. எழுதினவர் ரிட்டயர் ஆயிட்டாராம், இப்ப அதுல எதாவது கோளாறு வந்தா கைவைக்க ஆள் இல்ல, அதனால ஒரு ஸ்டூடன்ட் வந்தா பழகிக்கட்டும்னு சொல்றாங்க. கொஞ்சம் ஸ்டைபண்டு, மதியச் சாப்பாடு உண்டு.

போய் பாத்தேன், ஒரு ஃபைல ஓபன் பண்ணி காமிச்சாங்க, ஸ்கிரீன் முழுக்க பிராக்கெட்தான். பசங்ககிட்ட சொன்னா "லிஸ்ப்பா, அது தாத்தா காலத்து லேங்குவேஜ்டா"ன்னு ஓட்டுறானுங்க. எங்க சார் ஒருத்தர் ஏஐ சிலபஸ்ல வரலாறு மாதிரி வர்ற பேருப்பா அதுன்னு சொல்லி விட்டுட்டாரு. அப்பாவுக்கு ஜூன்ல மேட்டூர் தெறந்தா குறுவை வேலை இருக்கும், வீட்லேர்ந்து போயிட்டு வர்ற மாதிரி இருந்தா எதுல வேணா சேருன்னு சொல்றார். லிஸ்ப் இன்னும் கம்பெனில எல்லாம் இருக்கா, பிளேஸ்மென்ட்ல இதனால எதுவும் அடிவாங்குமா, சேர்றதா இருந்தா முன்கூட்டி என்ன படிக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜாவாக்காரன்:
ப்ரோ நேரா சொல்றேன், கேம்பஸ்க்கு வர்ற கம்பெனில ஒருத்தனும் லிஸ்ப் கேக்கமாட்டான். ஆப்டிட்யூட் ரவுண்டு, அப்புறம் ஜாவா பைத்தான் சி இதுல எதாவது ஒண்ணுல கோடிங், எஸ்கியூஎல், டிபிஎம்எஸ், அவ்ளோதான். ரெஸ்யூம வடிகட்டுறவங்க கீவேர்டு பாத்து வடிகட்டுறாங்க, அதுல லிஸ்ப்னு இருந்தா ஒண்ணும் கூடாது. லீவுல ரியாக்ட், ஸ்பிரிங் பூட் ஒழுங்கா பழகி ஒரு புராஜெக்ட் போட்டு வச்சா அது பேசும். அதுக்காக அந்த சென்டருக்கு காசு கட்டுன்னு சொல்லல, அது தண்டம், யூடியூப்ல இருக்குறதத்தான் அங்க புரொஜெக்டர்ல போட்டுக் காட்டுவான்.

வெட்டாறு:
பிராக்கெட்ட எண்றதுக்கே ஸ்டைபண்டு தராங்கன்னா நான் வரேன் சாமி

திருவாரூர்_தேர்:
தம்பி, நானும் நம்ம பக்கம்தான், பெங்களூர்ல குளோஜர்ல வேலை பாக்குறேன், அதுவும் லிஸ்ப் வகையறாதான். மொதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிக்க, லிஸ்ப்ங்கிறது ஒரே லேங்குவேஜ் இல்ல. 1958ல எம்ஐடில ஜான் மெக்கார்த்தி ஆரம்பிச்சு வச்சதுலேர்ந்து கெளச்சு வந்த பங்காளிங்க நெறைய. காமன் லிஸ்ப் ஒண்ணு, அதுக்கு 1994லயே ஆன்சி ஸ்டாண்டர்டு வந்துருச்சு. ஸ்கீம் ஒண்ணு. 2007ல ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர் ஒண்ணு, இது ஜாவா ஓடுற அதே ஜேவிஎம் மேல ஓடும். உனக்கு வந்திருக்கறது ஆட்டோலிஸ்ப், 1986லேர்ந்து ஆட்டோகேட்குள்ள இருக்கு, எக்ஸ்லிஸ்ப்னு ஒண்ணுலேர்ந்து எடுத்து செஞ்சது. அத கத்துக்கிட்டா அப்படியே காமன் லிஸ்ப் வேலைக்குப் போயிரலாம்னு யாராவது சொன்னா நம்பாத, ஆட்டோலிஸ்ப்ல மேக்ரோவே (கோடே கோடு எழுதுற வசதி) கிடையாது, காமன் லிஸ்ப் ஆளுங்க பெருமையா பேசுறதே அந்த மேக்ரோவப் பத்திதான்.

இண்டஸ்ட்ரியில இருக்கான்னு கேட்ட. இருக்கு, ஆனா அங்கங்கதான். ஃபிளைட் டிக்கெட்டுக்கு எந்த வழியா போனா என்ன விலைன்னு தேடித் தர்ற எஞ்சின் ஐடிஏ சாஃப்ட்வேர்னு ஒரு கம்பெனி காமன் லிஸ்ப்ல பண்ணி வச்சிருந்தாங்க, 2011ல கூகுள் அந்த கம்பெனியவே வாங்கிருச்சு. கிராமர்லில இலக்கணம் செக் பண்ற எஞ்சின் காமன் லிஸ்ப்ல எழுதினது. பிரேசில்ல நூபேங்க்னு பெரிய பேங்க், அவங்க குளோஜர்தான், 2020ல குளோஜர் டீம் இருந்த காக்னிடெக்ட் கம்பெனியவே வாங்கிட்டாங்க. நம்ம நாட்டுல புனேல ஹெல்ப்ஷிஃப்ட், பெங்களூர்ல நிலென்சோ இவங்கெல்லாம் குளோஜர்ல வேலை பண்ணவங்க. கூட்டிக் கழிச்சுப் பாத்தா ஜாவா வேலை ஆயிரம்னா இது ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், அதுலயும் ஃபிரெஷர எடுக்குறது கம்மி. ஜாவாக்காரன் சொல்றதுல அந்த வரைக்கும் தப்பு இல்ல.

ஆனா கீவேர்டுங்கிறது மொத வாசல் மட்டும்தான். உள்ள போய் உக்காந்தப்புறம் எங்க டீம்ல ஃபிரெஷர்கிட்ட நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு, நீ எழுதினத யாராவது யூஸ் பண்ணாங்களா, பண்ணப்ப என்ன ஒடஞ்சுது. பத்துல எட்டு பேருக்கு இதுக்கு பதில் இருக்காது, ஏன்னா எல்லாரும் ஒரே லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டமும் ஒரே ஃபுட் டெலிவரி குளோனும் கொண்டுவந்து வைக்கிறாங்க. உனக்கு துவாக்குடில அந்த பதில் கெடைக்கும்னு தோணுது. எழுதினவர் போயிட்டாரு, கோடு இருக்கு, தெனமும் அதுலதான் டிராயிங் வேலை ஓடுது. கம்பெனில நெஜமா நடக்குற வேலையில பாதி இதுதான்பா, அடுத்தவன் எழுதினத படிக்கிறது.

ஒரு கதை சொல்லிட்டு போறேன். நாசா 1998ல டீப் ஸ்பேஸ் 1னு ஒரு விண்கலம் அனுப்புச்சு, அதுல ரிமோட் ஏஜென்ட்னு தானா முடிவெடுக்குற சாஃப்ட்வேர் லிஸ்ப்ல. 1999 மே மாசம் அத ஓடவிட்டு பாத்தப்ப நடுவுல அப்படியே நின்னுருச்சு, டெஸ்ட்ல மாட்டாத ஒரு ரேஸ் கண்டிஷன், அதாவது ஒரே நேரத்துல ஓடுற ரெண்டு வேலை முன்னபின்ன ஆனா வர்ற கோளாறு. ஓடிக்கிட்டிருந்த அந்த லிஸ்ப் புரோகிராம பூமிலேர்ந்தே நோண்டி எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க, கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால இருக்குறப்ப. ஓடிக்கிட்டிருக்குற புரோகிராம நிறுத்தாம உள்ள கைவிட்டுப் பாக்கலாம்ங்கிற அந்த சமாச்சாரம் ஆட்டோலிஸ்ப்லயும் ஓரளவு இருக்கு. ஆட்டோகேட் கமாண்ட் லைன்ல (+ 2 3)ன்னு அடிச்சுப் பாரு, அங்கயே 5னு வரும்.

கோடும்_புள்ளியும்:
தம்பி, நான் சிஎஸ் படிச்சவ இல்ல, சிவில் டிப்ளமா, மயிலாடுதுறை. வருஷக்கணக்கா ஸ்டீல் டீடெய்லிங்தான் வேலை, ஆட்டோலிஸ்ப் தேவைக்கு கத்துக்கிட்டது. மேல ரெண்டு பேரும் வேலை கெடைக்குமா கெடைக்காதான்னு பேசிட்டாங்க, உள்ள என்ன இருக்கும்னு நான் சொல்றேன்.

மொதல்ல கம்பெனில ஒரு கேள்வி கேளு, சேர்றதுக்கு முன்னாடியே கேளு. அந்த புரோகிராமெல்லாம் எல்எஸ்பி ஃபைலா இருக்கா, இல்ல எஃப்ஏஎஸ், விஎல்எக்ஸ் ஃபைலா இருக்கான்னு. எல்எஸ்பின்னா சோர்ஸ், நோட்பேட்ல தெறந்து படிக்கலாம். மத்த ரெண்டும் கம்பைல் பண்ணது, ஓட்டலாம், படிக்க முடியாது. ரிட்டயர் ஆனவர் சோர்ஸ தன்னோட பென்டிரைவ்ல வச்சிக்கிட்டு போயிருந்தா நீ போய் உக்காந்து ஒண்ணும் பண்ண முடியாது, மொத்தத்தையும் புதுசா எழுதணும், அது ரெண்டு மாசத்துல ஆகாது. உனக்கு காமிச்சப்ப பிராக்கெட் தெரிஞ்சுதுன்னு சொல்ற, அப்ப கொஞ்சமாவது சோர்ஸ் இருக்கு, முழுசா இருக்கான்னு கேட்டுக்க.

அடுத்தது, காலேஜ்ல சொல்லித்தர்ற லேங்குவேஜ்ல ஒரு ஃபங்ஷன் உள்ள போட்ட வேரியபிள் அந்த ஃபங்ஷனோட போயிரும்ல, ஆட்டோலிஸ்ப்ல அப்படி தானா போகாது. ஃபங்ஷன் எழுத டீஃபன் போடுறப்ப ஆர்க்யுமென்ட் லிஸ்ட்ல ஒரு சாய்கோடு போட்டு அதுக்கப்புறம் எழுதுற பேர் மட்டும்தான் லோக்கல். எழுத மறந்தா அந்த டிராயிங் மூடுற வரைக்கும் வேரியபிள் அங்கயே குந்திக்கிட்டிருக்கும். பழைய கோடுல இதாலதான் பாதி தலவலி வரும். உதாரணம் சொல்றேன். பிளேட் வெயிட் கூட்டுற ஒரு ரொட்டீன், நீளம் அகலம் மீட்டர்ல, தடிமன் மில்லிமீட்டர்ல, அத 7.85ஆல பெருக்கினா கிலோ. ஒரு சதுர மீட்டர் 10 எம்எம் பிளேட் 78.5 கிலோ, எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இது மனப்பாடம். இத ஒவ்வொரு பிளேட்டா கூட்டி டோட்டல்னு ஒரு வேரியபிள்ல போடுறான். ஆரம்பத்துல டோட்டல் காலியா இருந்தா சைபர் வைன்னு ஒரு வரி எழுதியிருப்பான், டோட்டல லோக்கலா அறிவிச்சிருக்க மாட்டான். மொத தடவ ஓட்டினா கணக்கு சரி. அதே டிராயிங்ல ரிவிஷன் பண்ணிட்டு திரும்ப ஓட்டினா பழைய டோட்டல் அங்கயே இருக்கும், அது மேல கூட்டும், வெயிட் டபுளா காட்டும். டிராயிங்க மூடித் தெறந்தா மறுபடி சரியாயிரும். அதனால டிராஃப்ட்ஸ்மேன் உன்கிட்ட வந்து "சில நேரம் தப்பா வருதுப்பா"ன்னு மட்டும்தான் சொல்வாரு, எந்த நேரம்னு அவருக்கே தெரியாது. பக்கத்துல உக்காந்து அவர் என்னென்ன கிளிக் பண்றாருன்னு பாத்தாதான் பிடிபடும். அந்த டபுள் வெயிட்ட நம்பி பர்ச்சேஸ் பிளேட் ஆர்டர் போட்டா என்னாகும்னு யோசிச்சுப் பாரு.

இன்னொண்ணு ஓஸ்நாப், அதாவது புள்ளிய பக்கத்துல இருக்குற கோட்டு முனை மாதிரி இடத்துல தானா ஒட்டவைக்கிற வசதி. புரோகிராம் கணக்குப்போட்டு ஒரு புள்ளியில கோடு இழுக்கும், ஆனா ஓஸ்நாப் ஆன்ல இருந்தா பக்கத்துல இருக்குற வேற கோட்டோட முனைக்கு போய் ஒட்டிக்கும். ஜூம் பண்ணி பெருசா வச்சிருந்தா சரியா வரும், சின்னதா வச்சிருந்தா தப்பா வரும். அதனால ஆரம்பத்துல ஓஸ்மோட்ங்கிற ஓஸ்நாப் செட்டிங்கோட மதிப்ப எடுத்து வச்சிக்கிட்டு சைபர் பண்ணிட்டு, கடைசியில பழையபடி வச்சிடணும், நடுவுல யூசர் எஸ்கேப் அழுத்தினாலும் திரும்ப வைக்கிற மாதிரி எரர் ஃபங்ஷன்ல எழுதணும். அத செய்யலன்னா ஓஸ்நாப் ஆஃப் ஆயே கெடக்கும், உன் புரோகிராம் பேர சொல்லி ஆபீஸே திட்டும்.

அப்புறம் முழு எண் வகுத்தல். (/ 25 2) போட்டா ஆட்டோலிஸ்ப் 12ன்னு சொல்லும், 12.5 வேணும்னா 2.0ன்னு எழுதணும். 25 எம்எம் பிளேட்டுக்கு சென்டர் லைன் அரை எம்எம் தள்ளிப் போனா ஸ்கிரீன்ல கண்ணுக்குத் தெரியாது, ஷாப்ல ஓட்டை போட்டப்புறம்தான் போல்ட் ஏறலம்பாங்க.

திருவாரூர்_தேர்:
அக்கா இத படிச்சிட்டு சிரிச்சிட்டேன், காமன் லிஸ்ப்லயும் குளோஜர்லயும் அதே கணக்குக்கு 25/2ன்னு பின்னமாவே வச்சிருக்கும், ஒரு துளி போகாது. பங்காளின்னு சொன்னேன், சொத்து ஒரே மாதிரி பிரியல.

பாபநாசம்_பையன்:
அக்கா ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொல்லல. அண்ணாவுக்கும் நன்றி. போன் பண்ணி கேட்டேன், எல்எஸ்பி ஃபைல் ஒரு ஃபோல்டர்ல இருக்காம், எல்லாமே இருக்கான்னு அவங்களுக்கே தெரியல, வந்து பாத்து சொல்லுன்னு சொல்றாங்க. இன்னொரு டவுட், இப்பல்லாம் சாட்ஜிபிடிகிட்ட கேட்டா லிஸ்ப் கோடு எழுதிக் கொடுக்குதே, அப்ப நான் போய் என்னத்த பண்ணப்போறேன்? வீட்ல லேப்டாப்ல பழகணும்னா ஆட்டோகேட் காசு கொடுத்து வாங்கணுமா?

கோடும்_புள்ளியும்:
ஸ்டூடன்ட்டுக்கு ஆட்டோடெஸ்க்ல எஜுகேஷன் லைசென்ஸ் ஃப்ரீ, காலேஜ்ல படிக்கிறன்னு புரூஃப் கொடுத்தா ஒரு வருஷத்துக்கு தருவாங்க, படிக்கிற வரைக்கும் புதுப்பிச்சிக்கலாம். ஆனா அது படிக்க மட்டும்தான், கம்பெனி டிராயிங்க அதுல தெறந்து வேலை பாக்காத, அது லைசென்ஸ் மீறல். டவுன்லோடு பண்றப்ப வசதி கொறஞ்ச ஆட்டோகேட் எல்டி வேணாம், முழு ஆட்டோகேட் எடு. எல்டில 2024 வெர்ஷன்லதான் லிஸ்ப்பே வந்துச்சு. கம்பெனில என்ன சாஃப்ட்வேர்னும் கேட்டுக்க, ஆட்டோகேட் விலைக்கு பயந்து நெறைய சின்ன ஆபீஸ் இசட்டபிள்யூகேட், பிரிக்ஸ்கேட்னு போயிட்டாங்க, அதுலயும் லிஸ்ப் ஓடும்.

சாட்ஜிபிடி விஷயம். எழுதும், வேகமா எழுதும். ஆனா ஆட்டோலிஸ்ப் கேட்டா நடுவுல காமன் லிஸ்ப்ப கலந்து விட்டுரும். லூப், ஃபார்மட் இதெல்லாம் போட்டு அழகா தரும், ஓட்டினா "நோ ஃபங்ஷன் டெஃபினிஷன்"னு வந்து நிக்கும், ஏன்னா இங்க வைல், ரிபீட், ஃபோர்ஈச்தான் இருக்கு. அது பரவால்ல, தப்புன்னு ஆட்டோகேடே சொல்லிருது. நான் மேல சொன்ன டோட்டல் கதை மாதிரி தப்பு வந்தா சாட்ஜிபிடிக்கு எப்படித் தெரியும், அது டிராஃப்ட்ஸ்மேன் பக்கத்துல உக்காரலையே. ஒரு வரி புரியலன்னா விளக்கச் சொல்லு, அதுக்கு நல்லா இருக்கு.

சேர்றதுக்குள்ள பழகணும்னா ஒண்ணே ஒண்ணு பண்ணு. ஒரு டிராயிங்ல பத்து இருபது டெக்ஸ்ட், கோடு, வட்டம்னு போட்டுக்க. எஸ்எஸ்கெட்ங்கிற ஃபங்ஷன்ல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, ஒவ்வொண்ணோட விவரத்தையும் என்ட்கெட் ஃபங்ஷன்ல எடுத்துப் பாரு, ஒரு நீளமான லிஸ்ட் வரும். அதுல 0ன்னு இருக்குற ஜோடில அது கோடா வட்டமான்னு இருக்கும், 8ல லேயர் பேரு, 10ல புள்ளி, வட்டத்துக்கு 40ல ஆரம். லேயர் வாரியா எத்தன இருக்குன்னு எண்ணி சொல்ற மாதிரி ஒண்ணு எழுது. இது வந்துட்டா மெட்டீரியல் லிஸ்ட் புரோகிராமும் இதே கதைதான்னு புரிஞ்சிரும். எடிட்டர் பத்தி கவலப்படாத, 2021 வெர்ஷன்லேர்ந்து விஎஸ் கோட்லயே எழுதலாம், பிராக்கெட் ஜோடிய அதுவே கலர் போட்டு காமிக்கும்.

ஜாவாக்காரன்:
சரி அக்கா சொன்னத படிச்சப்புறம் நான் கொஞ்சம் எறங்கி வரேன், அந்த டோட்டல் கதைய இன்டர்வியூல சொன்னா நானா இருந்தா எடுப்பேன். ஆனா ப்ரோ சாயங்காலம் ஜாவாவும் எஸ்கியூஎல்லும் விட்டுராத, ஏழாவது செமஸ்டர் ஆரம்பத்துலயே கம்பெனி வர ஆரம்பிச்சிரும், அப்ப போய் பொலம்பக்கூடாது.

வெட்டாறு:
தம்பி நெஜமாவே ஒரு உபயோகமான விஷயம் சொல்றேன். பாபநாசத்துலேர்ந்து பஸ்ஸுன்னா தஞ்சாவூர்ல எறங்கி மாறணும், அப்புறம் வல்லம் செங்கிப்பட்டின்னு நின்னு நின்னு போவான். காலையில மயிலாடுதுறைலேர்ந்து திருச்சி போற பாசஞ்சர் டிரெயின புடி, திருவெறும்பூர்ல எறங்கு, அங்கேர்ந்து துவாக்குடிக்கு டவுன் பஸ் இருக்கு. சீசன் டிக்கெட் எடுத்துட்டா செலவு ரொம்ப கம்மி. சாயங்காலம்தான் டிரெயின் நேரம் ஒத்துவருதான்னு பாத்துக்க, கம்பெனில நேரத்துக்கு விடமாட்டான்.

பாபநாசம்_பையன்:
அண்ணா அது சூப்பர், எங்க தெருவுல ஒரு அண்ணன் பெல்லுக்கு அப்படித்தான் போறாரு, அவர்கிட்ட கேக்குறேன். நான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். நான் அங்க எழுதுறத கிட்ஹப்ல போட்டு ரெஸ்யூம்ல காமிக்கலாமா?

திருவாரூர்_தேர்:
கூடாது. அது அவங்க கோடு, அவங்க கஸ்டமரோட டிராயிங், கேக்காம வெளிய போட்டா வம்பு. அக்கா சொன்ன லேயர் எண்ற புரோகிராம் மாதிரி வீட்ல சொந்தமா எழுதினது இருந்தா அத போடு. ஆனா கம்பெனிக்குள்ள கிட் (கோடோட ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வைக்கிற டூல்) வச்சிக்க, மொத நாளே அந்த ஃபோல்டர அப்படியே காப்பி எடுத்து ஒரு கமிட் போட்டுட்டு அப்புறம் கை வை. பெரும்பாலும் அங்க "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் சண்முகம் சார்"னு ஒரே புரோகிராம் நாலு பேர்ல கெடக்கும், எது உண்மையில லோடு ஆகுதுன்னு மொதல்ல கண்டுபிடி. ஒவ்வொரு டிராயிங் தெறக்குறப்பவும் தானா லோடு ஆகுற ஃபைல் பேரு acaddoc.lsp, அதுலேர்ந்து ஆரம்பிச்சா பிடிச்சிரலாம்.

கோடும்_புள்ளியும்:
லெட்டர் விஷயத்தையும் சேர்ற அன்னிக்கே பேசிரு. இந்த மாதிரி ஆபீஸ்ல பழக்கதோஷத்துல "டிராஃப்டிங் டிரெய்னிங்"னு அடிச்சு கொடுத்துருவாங்க, உங்க டிபார்ட்மென்ட்ல சிஎஸ் பையனுக்கு இது செல்லாதுன்னு திருப்பிட்டா நீதான் அலையணும். சாஃப்ட்வேர் டெவலப்மென்ட்னும், ஆட்டோலிஸ்ப்னும், எந்த தேதியிலேர்ந்து எந்த தேதி வரைக்கும்னும் போடச் சொல்லு, காலேஜ் ஃபார்மட் இருந்தா அதையே கொண்டுபோய் கொடுத்துரு. கடைசி வாரத்துல கேட்டா ஓனர் சைட்ல இருப்பாரு, கையெழுத்துக்கு நீ திரும்பவும் துவாக்குடி வரணும்.